மறுபடியும் கேமரா வாங்கப் போகிறீர்களா? முதலில் பழைய ஃபோட்டோ ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்

2012-க்கும் 2016-க்கும் இடையில் கல்லூரியில் இருந்தவர்களுக்கும், முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். சில மாதச் சம்பளத்தைச் சேர்த்து ஒரு டிஎஸ்எல்ஆர். பெரும்பாலும் கேனான் 1200டி, 700டி. இல்லையென்றால் நிகான் டி3200, டி5300. கூடவே 18-55 கிட் லென்ஸ். ஆஃபரில் வாங்கியிருந்தால் தூரத்தை எடுக்க இன்னொரு ஜூம் லென்ஸ். மகாபலிபுரம், கூர்க், ஹம்பி என்று இரண்டு வருஷம் சுற்றியிருப்பீர்கள். அப்புறம் வேலை, ஊர் மாற்றம், கல்யாணம். ஃபோன் கேமராவும் நன்றாகிவிட்டது. பை பீரோவுக்கு மேலே போய்விட்டது.

இப்போது மறுபடியும் ஆசை வந்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் யூடியூப்பில் நாலு ரிவ்யூ பார்த்தால் தலை சுற்றும். ஃபுல் ஃபிரேமா, கிராப் சென்சாரா? சோனியா, ஃபுஜியா? 40 ஆயிரத்தில் ஆரம்பித்த பட்ஜெட் ஒன்றரை லட்சத்தில் வந்து நிற்கும். அந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கியதும் ஆறே மாதத்தில் பீரோவுக்குப் போனால்? இரண்டாம் முறை வாங்குபவர்களின் உண்மையான பயம் இதுதான்.

முதல் முறை வாங்கியபோது உங்களிடம் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது: நீங்களே எடுத்த சில ஆயிரம் படங்கள். எந்தக் கேமரா வேண்டும் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதற்குள் இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது, படித்துவிட்டு என்ன முடிவெடுப்பது என்று பார்க்கலாம்.

நீங்கள் இல்லாத நேரத்தில் என்ன மாறியது?

கேமரா நிறுவனங்களின் ஜப்பானிய அமைப்பான சிபா ஒவ்வோர் ஆண்டும் ஏற்றுமதிக் கணக்கை வெளியிடுகிறது. 2010-இல் உலகம் முழுக்கக் கடைகளுக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2023-இல் சுமார் 77 லட்சம். சின்ன பாக்கெட் கேமராக்களின் சந்தையை ஃபோன் விழுங்கிவிட்டது.

மிச்சம் இருக்கும் சந்தைக்குள்ளும் ஒரு மாற்றம் நடந்தது. டிஎஸ்எல்ஆருக்குள் ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் ஒளியை அது உங்கள் கண்ணுக்குத் திருப்பிவிடும். மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி கிடையாது. சென்சார் பார்ப்பதை ஒரு குட்டித் திரையில் நீங்கள் பார்க்கிறீர்கள். சோனி 2013-இல் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸைக் கொண்டுவந்தது. கேனானும் நிகானும் 2018-இல் அதே பாதைக்கு வந்தன. சிபா கணக்கில் மிரர்லெஸ் எண்ணிக்கை டிஎஸ்எல்ஆரை முதன்முறையாகத் தாண்டியது 2020-இல். அந்த ஆண்டுக்குப் பிறகு கேனானோ நிகானோ ஒரு புதிய டிஎஸ்எல்ஆர் மாடலைக்கூட அறிமுகப்படுத்தவில்லை.

அப்படியென்றால் உங்கள் பழைய டிஎஸ்எல்ஆர் செத்துப்போனதா? இல்லை. அது எடுக்கும் படம் 2014-இல் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. மாறியவற்றில் உங்களுக்கு உண்மையில் தெரியப்போவது ஆட்டோஃபோகஸ். புதிய மிரர்லெஸ் கேமராக்கள் முகத்தை, கண்ணை, பறவையைத் தாமாகவே கண்டுபிடித்து, ஃபிரேமுக்குள் அது எங்கே நகர்ந்தாலும் விடாமல் பின்தொடரும். ஓடும் குழந்தையை எடுப்பவருக்கு இது பெரிய விஷயம். கோயில் கோபுரத்தை எடுப்பவருக்கு இதனால் பெரிதாக ஒன்றும் இல்லை. நீங்கள் இதில் யார் என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஒரு டேட்டா ஷீட்

டிஜிட்டல் கேமரா ஒரு படத்தைச் சேமிக்கும்போது, எப்படி எடுக்கப்பட்டது என்ற விவரத்தையும் ஃபைலுக்குள்ளேயே எழுதிவைக்கிறது. இதற்குப் பெயர் எக்ஸிஃப். கேமரா மாடல், தேதி, நேரம், ஃபோகல் லெங்த், அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐஎஸ்ஓ எல்லாம் அதில் இருக்கும்.

பார்ப்பது சுலபம். விண்டோஸில் ஃபோல்டரை டீட்டெயில்ஸ் முறையில் திறந்து, ஃபோகல் லெங்த், ஐஎஸ்ஓ ஆகிய காலங்களைச் சேர்த்து வரிசைப்படுத்தினால் போதும். லைட்ரூம் கிளாசிக் வைத்திருந்தால் அதன் மெட்டாடேட்டா ஃபில்டரே லென்ஸ்வாரியாக எண்ணிக்கை சொல்லும். எக்செல்லில் பார்க்க விரும்புபவர்கள் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். ஒரே கட்டளையில் மொத்த ஃபோல்டரின் விவரத்தையும் சிஎஸ்வி ஃபைலாகக் கொடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக வந்த படங்களிலும், ஃபேஸ்புக்கிலிருந்து இறக்கிய படங்களிலும் இந்த விவரம் இருக்காது. கேமராவிலிருந்து நேராக காப்பி செய்த ஒரிஜினல் ஃபைல்கள் வேண்டும்.

இன்னொன்று, எல்லாப் படங்களையும் எண்ண வேண்டாம். ஒரே காட்சியை 40 தடவை சுட்டிருப்பீர்கள். பையிலிருந்து எடுத்தவுடன் லென்ஸ் 18-இலேயே இருக்க, அப்படியே கிளிக் செய்திருப்பீர்கள். இவை கணக்கைக் கோணலாக்கும். இன்றைக்குப் பார்த்தாலும் பிடிக்கிற ஒரு 200 படங்களைத் தனி ஃபோல்டரில் பொறுக்கிப் போடுங்கள். அவற்றை மட்டும் எண்ணுங்கள்.

அந்த 200 படங்கள் என்ன சொல்லும்?

முதலில் ஃபோகல் லெங்த். 18-55 லென்ஸில் பெரும்பாலான படங்கள் 18-இல் குவிந்திருந்தால், நீங்கள் இடங்களை எடுப்பவர்: நிலக்காட்சி, கட்டடம், தெரு. 55-இல் குவிந்திருந்தால், லென்ஸ் முடிந்த இடத்தில் நீங்கள் நின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். இன்னும் நெருங்க ஆசைப்பட்டிருக்கிறீர்கள். பெரிய ஜூம் லென்ஸின் கடைசி எண்ணான 250, 300-இல் குவிந்திருந்தால், பறவைகளும் மேடை நிகழ்ச்சிகளும் உங்கள் விஷயம். 24-க்கும் 35-க்கும் நடுவில் குவிந்திருந்தால் அதிர்ஷ்டசாலி. சின்ன, லேசான, மலிவான ஒரே ஒரு பிரைம் லென்ஸே உங்களுக்குப் போதும்.

இரண்டாவது, ஐஎஸ்ஓவும் ஷட்டர் ஸ்பீடும். ஐஎஸ்ஓ பெரும்பாலும் 100, 200, 400 என்றிருந்தால் நீங்கள் பகல் வெளிச்சத்து ஆள். புதிய சென்சாருக்காகச் செலவழிக்கும் பணம் உங்கள் படத்தில் தெரியவே தெரியாது. 3200, 6400 என்றும், ஷட்டர் ஸ்பீடு 1/30 என்றும் அடிக்கடி வந்தால், வீட்டுக்குள், திருமண மண்டபத்தில், சாயங்கால வெளிச்சத்தில் எடுப்பவர். உங்கள் பிரச்சினை வெளிச்சம்.

மூன்றாவது, தேதி. எந்த மாதத்தில் நின்றது? அதற்கு முந்தைய ஆறு மாதத்தைப் பாருங்கள். டிரிப் போன நாட்களில் மட்டும் படங்கள் இருந்தால், உங்களுக்கு வருஷத்துக்கு மூன்று வாரம்தான் கேமரா தேவை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தொடர்ந்து இருந்தால், பழக்கம் உண்மையாகவே இருந்திருக்கிறது. ரா ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் எடிட் செய்யாமல் கிடந்தால், உங்களை நிறுத்தியது கேமரா இல்லை, எடிட்டிங் பாக்கி. அப்படிப்பட்டவருக்கு மெகாபிக்சலைவிட, கேமராவிலிருந்து வரும் ஜேபெக்கே நன்றாக இருப்பது முக்கியம்.

எடுக்காத படங்களும் தரவுதான்

பழைய ஃபோல்டரில் ஒரு ஓட்டை இருக்கிறது. கேமராவைக் கொண்டுபோன நாட்களை மட்டுமே அது காட்டும். கொண்டுபோகாத நாட்களைப் பற்றி அதற்குத் தெரியாது.

அதற்கு ஃபோன் கேலரியைத் திறங்கள். கடந்த இரண்டு வருஷத்தில் நீங்கள் ஹார்ட் போட்டுவைத்த படங்களைப் பாருங்கள். எதை எடுத்திருக்கிறீர்கள்? குழந்தை, பூனை, ஆபீஸ் போகும் வழி, மழை, சாப்பாடு? அதுதான் இன்றைய நீங்கள். 2014-இல் ஹம்பியில் சூரிய உதயத்துக்குக் காத்திருந்த 23 வயது ஆளுக்காக இன்றைக்குக் கேமரா வாங்கக் கூடாது.

ஃபோன் எங்கே கைவிட்டது என்பதையும் பாருங்கள். ஜூம் செய்து பிசுபிசுத்துப்போன மயில், வீட்டுக்குள் மங்கலாகிப்போன குழந்தையின் கை, தலைமுடி ஓரத்தைத் தப்பாக வெட்டிய போர்ட்ரெய்ட் மோடு. கேமரா உண்மையில் ஃபோனை ஜெயிக்கும் இடங்கள் இவைதான். தூரம், குறைந்த வெளிச்சத்தில் அசைவு, இயல்பான பின்னணி மங்கல், பெரிய பிரிண்ட். பகலில் எடுக்கும் பரந்த காட்சியை ஃபோன் திரையிலேயே பார்த்து முடிப்பவருக்குக் கேமரா வாங்கினாலும் பெரிய வித்தியாசம் கிடைக்காது.

பாடிக்கா, லென்ஸுக்கா? ஒரு சின்னக் கணக்கு

குறைந்த வெளிச்சம்தான் பிரச்சினை என்று தெரிந்ததும், "ஃபுல் ஃபிரேம் வாங்கு" என்று யாராவது சொல்வார்கள். எண்களைப் பார்ப்போம்.

ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். பரப்பு 864 சதுர மி.மீ. நிகான், சோனி, ஃபுஜியின் ஏபிஎஸ்-சி சென்சார் ஏறக்குறைய 23.5-க்கு 15.6, பரப்பு சுமார் 367. அதே அப்பர்ச்சரில் ஃபுல் ஃபிரேம் மொத்தமாகச் சேர்க்கும் ஒளி இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. கேனானின் ஏபிஎஸ்-சி இன்னும் சற்றுச் சிறியது என்பதால் அங்கே இரண்டரைக்குக் கொஞ்சம் மேல்.

இப்போது லென்ஸ். கிட் லென்ஸை 55 மி.மீ வரை ஜூம் செய்தால் அதன் அப்பர்ச்சர் எஃப் 5.6. ஒரு சாதாரண 50 மி.மீ எஃப் 1.8 பிரைம் லென்ஸ் போட்டால்? 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, விடையை அதே எண்ணால் பெருக்குங்கள். 9.7 வரும். அதாவது கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளி. ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த படத்தை 640-இல் எடுக்கலாம். அந்த லென்ஸ், கேமரா கடையிலேயே மலிவான லென்ஸ்களில் ஒன்று.

பழைய பாடியில் ஒரு நல்ல லென்ஸ், புதிய பாடியில் பழைய மாதிரியே ஒரு கிட் லென்ஸ். குறைந்த வெளிச்சத்தில் எது ஜெயிக்கும் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

மெகாபிக்சலுக்கும் இதே கதை. இன்ஸ்டாகிராமில் 1080-க்கு 1350 அளவில் போடும் படம் ஒன்றரை மெகாபிக்சல்கூட இல்லை. 4கே டிவி திரை மொத்தமே 8.3 மெகாபிக்சல். 1200டி-யின் 18 மெகாபிக்சல் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல பிரிண்ட் தரத்தில், 17-க்கு 11 அங்குலம் வரை அச்சிடலாம். டி3200-இன் 24 மெகாபிக்சலில் 20-க்கு 13 அங்குலம். ஹாலில் மாட்ட இது போதும்.

பழைய கேமராவுக்கு ஒரு மாதம் கொடுங்கள்

வீட்டில் பழைய பாடி இருந்தால் முதலில் அதை இறக்குங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள். மின்கழிவாகக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே நூல்போல எதுவும் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி; சர்வீஸ் சென்டரில் சுத்தம் செய்யலாம்.

எல்லாம் சரியாக இருந்தால் ஒரே ஒரு பிரைம் லென்ஸ் வாங்கி ஒரு மாதம் பயன்படுத்துங்கள். கேனானில் இஎஃப் 50 மி.மீ எஃப் 1.8 எஸ்டிஎம், நிகானில் 35 மி.மீ எஃப் 1.8ஜி டிஎக்ஸ் இரண்டும் பலரும் வாங்குபவை; செகண்ட் ஹேண்டிலும் தாராளமாகக் கிடைக்கும்.

நிகான்காரர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். டி3200, டி5300 போன்ற பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருந்தால் அது உங்கள் கேமராவில் ஆட்டோஃபோகஸ் ஆகும். ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி3200-இல் ஆட்டோஃபோகஸ் ஆகாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மி.மீ எஃப் 1.8டி வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

ஒரு மாதம் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். எத்தனை நாள் வெளியே எடுத்தீர்கள்? எங்கே எரிச்சல் வந்தது? எடையா, ஃபோகஸா, தூரமா? அந்த எரிச்சலுக்குத்தான் புதிய கேமரா. எரிச்சலே வரவில்லை என்றால், வாழ்த்துகள், ஒரு லட்சம் மிச்சம்.

வாங்குவது மவுண்ட்டை

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று முடிவானால், அடுத்து பார்க்க வேண்டியது மவுண்ட். லென்ஸ் பாடியோடு பூட்டிக்கொள்ளும் வளையம்தான் அது. பாடியை ஐந்து வருஷத்தில் மாற்றுவீர்கள். லென்ஸ்கள் அதைவிட நெடுநாள் உங்களோடு இருக்கும்.

• கேனான் டிஎஸ்எல்ஆர் வைத்திருந்தால்: உங்கள் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் கேனானின் சொந்த அடாப்டர் வழியே ஆர் வரிசை மிரர்லெஸ் கேமராக்களில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். பழைய முதலீடு வீணாகாது.

• நிகான் வைத்திருந்தால்: எஃப்டிஇசட் அடாப்டரில் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்களுக்கு ஆட்டோஃபோகஸ் உண்டு. ஏஎஃப்-டி போன்ற பழைய லென்ஸ்களுக்கு இல்லை.

• செகண்ட் ஹேண்டில் கேனான் எம்50 கண்ணில் பட்டால்: யூடியூபர்கள் விரும்பிய நல்ல கேமராதான். ஆனால் அதன் இஎஃப்-எம் மவுண்ட்டோடு அந்தப் பாதை முடிந்துவிட்டது. அந்த லென்ஸ்களை ஆர் வரிசையில் போட முடியாது. விலை மிகக் குறைவாக இருந்தால் மட்டும், வளர்ச்சிக்கு இடமில்லை என்று தெரிந்தே வாங்குங்கள்.

• கையில் எதுவுமே இல்லையென்றால்: சோனி இ, ஃபுஜி எக்ஸ், நிகான் இசட், கேனான் ஆர்எஃப் எதுவும் சரிதான். சோனிக்குப் பிற நிறுவன லென்ஸ்கள் மிக அதிகம். கேனான் ஆர்எஃப்-இல் ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கான சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் 2024-இல்தான் வர ஆரம்பித்தன. பட்ஜெட் லென்ஸ்கள் வேண்டுமென்றால் இது முக்கியமான கணக்கு. உங்கள் ஊரிலோ பக்கத்து நகரத்திலோ எந்த நிறுவனத்துக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எடையையும் கூட்டிப் பாருங்கள்

"மிரர்லெஸ் என்றால் லேசாக இருக்கும்" என்பது பாதி உண்மை. கேனான் 1500டி 475 கிராம், கிட் லென்ஸ் 200 கிராம், மொத்தம் 675. மிரர்லெஸ்ஸான ஆர்50 375 கிராம், அதன் 18-45 கிட் லென்ஸ் 130, மொத்தம் 505. தோளில் வித்தியாசம் தெரியும். ஆனால் சோனி ஏ7 IV 658 கிராம்; அதோடு சோனியின் 24-70 எஃப் 2.8 ஜிஎம் II லென்ஸ் 695. மொத்தம் 1,353 கிராம். பழைய டிஎஸ்எல்ஆர் கிட்டைப் போல இரண்டு மடங்கு. "வெயிட்டா இருக்குன்னுதான் எடுத்துட்டுப் போறதில்ல" என்று சொன்னவர் இதை வாங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, யாருக்கு எது?

தெரு, பயணம், தினசரி வாழ்க்கை. 24-க்கும் 35-க்கும் நடுவே குவிந்த படங்கள்: சின்ன ஏபிஎஸ்-சி மிரர்லெஸ்ஸும் ஒரு பிரைம் லென்ஸும். லென்ஸ் மாற்றும் ஆசையே இல்லையென்றால், ரிக்கோ ஜிஆர் III, ஃபுஜி எக்ஸ்100VI போல லென்ஸ் நிரந்தரமாகப் பொருத்திய கேமராக்கள். ரிக்கோ 257 கிராம்தான், பேன்ட் பாக்கெட்டில் போகும். ஆனால் இரண்டிலும் ஆப்டிகல் ஜூம் கிடையாது. உங்கள் 200 படங்கள் ஒரே ஃபோகல் லெங்தில் குவியவில்லை என்றால் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

குழந்தைகள், வீட்டு விசேஷங்கள்: கண்ணைப் பின்தொடரும் ஆட்டோஃபோகஸுக்காகவே மிரர்லெஸ். கேனான் ஆர்50, ஆர்10, நிகான் இசட்50 II, சோனி ஏ6400 போன்றவற்றோடு எஃப் 1.4 அல்லது 1.8 பிரைம். கேமராவுக்குள்ளேயே கை ஆட்டத்தைச் சமன்செய்யும் வசதி இந்த நான்கிலும் இல்லை. அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை; அந்த வசதி உங்கள் கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும், குழந்தையின் ஓட்டத்தை நிறுத்தாது. அதற்கு 1/250 போன்ற ஷட்டர் ஸ்பீடு வேண்டும். அந்த வேகத்துக்கு ஒளியைத் தருவது லென்ஸ்.

பறவைகள், விளையாட்டு: பணத்தில் பெரும்பகுதி டெலி லென்ஸுக்குப் போக வேண்டும். இங்கே ஏபிஎஸ்-சி உங்களுக்குச் சாதகம். 300 மி.மீ லென்ஸ் நிகான், சோனியில் 450 போலவும், கேனானில் 480 போலவும் நெருக்கிக் காட்டும். ஃபுல் ஃபிரேமில் அதே நெருக்கத்துக்கு இன்னும் பெரிய, விலை அதிகமான லென்ஸ் தேவைப்படும்.

நிலக்காட்சி, கோயில், கட்டடம்: அவசரமே இல்லை. பழைய பாடி, ஒரு வைட் லென்ஸ், ஒரு டிரைபாட். இந்த வகைக்கு 2014-இன் சென்சார் இன்றும் தாராளம்.

வருஷத்துக்கு மூன்று வாரம் மட்டும் எடுப்பவர்: வாடகை. பெருநகரங்களில் கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. 1,20,000 ரூபாய்க்கு வாங்கி, வருஷத்துக்கு 12 நாள் வீதம் ஐந்து வருஷம் பயன்படுத்தினால், ஒரு நாளுக்கு 2,000 ரூபாய். உங்கள் ஊர் வாடகையை இதோடு ஒப்பிடுங்கள். வாங்குவது என்று முடிவெடுத்தவர்களும், அதே மாடலை ஒரு வாரக்கடைசிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது. கையில் பிடிக்கும்போது சரியாக இருக்கிறதா என்பதை எந்த ரிவ்யூவும் சொல்லாது.

செகண்ட் ஹேண்ட்: ஒரு டார்ச்சும் ஒரு மெமரி கார்டும்

எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்குப் போவதால், நல்ல டிஎஸ்எல்ஆர்களும் அவற்றின் லென்ஸ்களும் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகின்றன. இரண்டாம் முறை வாங்குபவருக்கு இது நல்ல காலம். டெல்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி சந்தையாக இருந்தாலும், ஆன்லைன் விளம்பரமாக இருந்தாலும், நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஃபோன் டார்ச்சும் சொந்த மெமரி கார்டும் கையில் இருக்கட்டும்.

• லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். நாலைந்து தூசி பரவாயில்லை. சிலந்தி வலை போலப் படர்ந்திருந்தால் ஃபங்கஸ். வாங்காதீர்கள்.

• நிகானில் ஒரு படம் எடுத்து அதன் எக்ஸிஃப்பைப் பார்த்தால் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று தெரியும். டி5600 போன்றவற்றின் ஷட்டரை நிகான் 1 லட்சம் முறைக்கும், டி7200-இன் ஷட்டரை 1.5 லட்சம் முறைக்கும் சோதித்திருக்கிறது. அதைத் தொட்டுவிட்டால் உடனே கெட்டுவிடும் என்றில்லை. ஆனால் விலை பேச உதவும். கேனானின் பெரும்பாலான மாடல்கள் இந்த எண்ணைப் படத்தில் எழுதுவதில்லை.

• பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் பாடியின் அடியில் இருக்கும் நம்பரும் ஒன்றா? பில்லே இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசியுங்கள்.

• எஃப் 16-இல் வெள்ளைச் சுவர், முழு அப்பர்ச்சரில் பக்கத்தில் ஒரு பொருள், தூரத்தில் ஒரு பொருள் என்று சில படங்கள் எடுத்து, லேப்டாப்பில் பெரிதாக்கிப் பாருங்கள்.

புதிதாக வாங்கினால்

டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 18%. 2019 ஜனவரிக்கு முன்பு அது 28% ஆக இருந்தது. சில கடைகள் பில் இல்லாமல் கணிசமாகக் குறைத்துச் சொல்லும். அது பெரும்பாலும் அதிகாரப்பூர்வ வழியில் வராத கிரே மார்க்கெட் சரக்கு. இந்திய வாரண்டி இருக்காது. வெளிநாட்டிலிருந்து நண்பர் வாங்கிவரும் கேமராவுக்கும் வாரண்டி பெரும்பாலும் அந்த நாட்டோடு நின்றுவிடும். மிச்சமாகும் தொகையை ஒரு ரிப்பேர் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

"நோ காஸ்ட் இஎம்ஐ" என்று போட்டிருந்தாலும் முழுக்க இலவசம் என்று நினைக்க வேண்டாம். வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துவிடுவார்கள். ஆனால் கிரெடிட் கார்டில் அந்த வட்டிக்கான 18% ஜிஎஸ்டியும், வங்கி கேட்டால் பிராசசிங் கட்டணமும் உங்கள் தலையில்தான்.

மொத்த பட்ஜெட்டில் பாடிக்குப் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சம் லென்ஸ், இன்னொரு பேட்டரி, மெமரி கார்டு, பை. இவை போக ஒரு சின்னத் தொகையை ஈரத்துக்கு ஒதுக்க வேண்டும்.

ஆமாம், ஈரம். சென்னை, மும்பை, கொச்சி போன்ற கடலோர நகரங்களில் கேமராவைத் துணிப்பையில் போட்டு பீரோவில் பூட்டுவதுதான் லென்ஸ் ஃபங்கஸுக்கு நேர்வழி. இருட்டும் ஈரமும்தான் அதற்கு வேண்டியவை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் இருந்தால் போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். லென்ஸ்கள் கூடினால் டிரை கேபினட் வாங்கலாம். இவை எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரத்துக்கு ஒருமுறை கேமராவை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

இந்த வாரக்கடைசியில் செய்ய வேண்டியது

1. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பிடித்த 200 படங்களைப் பொறுக்குங்கள். ஃபோகல் லெங்த், ஐஎஸ்ஓ, தேதி மூன்றையும் எண்ணுங்கள்.

2. ஃபோன் கேலரியின் பிடித்த படங்களைப் பார்த்து, இப்போது எதை எடுக்கிறீர்கள், ஃபோன் எங்கே கைவிட்டது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

3. பழைய கேமரா இருந்தால் சார்ஜ் போட்டு வெளியே எடுத்துப் போங்கள். இல்லையென்றால் ஒரு கேமராவை வாடகைக்கு எடுங்கள்.

4. ஒரு மாதம் கழித்து, "எனக்கு வேண்டியது _____ எடுக்க, _____ தூரத்தில், _____ வெளிச்சத்தில்" என்ற வரியைப் பூர்த்தி செய்யுங்கள்.

அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், விற்பவர் மாடல் பெயர்களை அடுக்கும்போது எதற்குத் தலையாட்ட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று உங்களுக்கே தெரியும். வரியைப் பூர்த்தி செய்ய முடியவில்லை என்றால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். கேமரா விலை இறங்கும். உங்கள் ஃபோனில் படங்கள் கூடும்.